வாள் வீட்டுப் பிள்ளை, வயல்நாட்டுத் தந்தை

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நாட்டு வழக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலே தை பிறந்தால், ஒரு மனிதரின் நினைவும் உடன் பிறக்கிறது. கூடலூரிலே, கம்பத்திலே, உத்தமபாளையத்திலே, பாலார்பட்டியிலே பொங்கல் பானை பொங்குகிறது. பக்கத்திலே ஒரு படம்! முறுக்கிய மீசை, வெள்ளைக்கார முகம். அந்தப் படத்துக்கு மாலை சூட்டுகிறான் உழவன். தேனிப் பேருந்து நிலையமே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. கர்னல் ஜான் பென்னிகுக்!

படத்துக்கு மாலையா? பகுத்தறிவு பேசும் நீங்களா இதைப் போற்றுகிறீர்கள்? என்று கேட்கக்கூடும் சிலர். நாம் சொல்கிறோம்: அவன் வரம் கேட்டு வணங்கவில்லை, வந்த தண்ணீருக்கு நன்றி சொல்கிறான். அச்சத்தால் கும்பிடுவது வேறு. அறிவால் நன்றி பாராட்டுவது வேறு.

யார் இவர்? 1841 சனவரி 15-இல் பூனாவிலே பிறந்தவர். தந்தை பட்டாளத்துப் பிரிகேடியர். 1849 சனவரி 13-இல், பஞ்சாபிலே, சில்லியன்வாலா போர்க்களத்திலே, தந்தை வீழ்ந்தார். அதே களத்திலே, இளம் வயது அண்ணனும் மடிந்தான். இங்கே இவருக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டே நாள் பாக்கி! ஒரே நாளிலே தகப்பனையும் தமையனையும் தின்றது போர்.

அந்தப் பிள்ளையும் பட்டாளத்துக்கே வந்தார். 1860-இல் இந்தியா சேர்ந்தார். அபிசீனியப் படையெடுப்பிலே பணியாற்றிப் பதக்கம் பெற்றார். ஆனால் அவர் சேர்ந்தது பொறியாளர்ப் படை. உயிர் பறிக்கும் களம் கண்ட குடும்பத்துப் பிள்ளை, பயிர் வளர்க்கும் களம் தேடினார். அந்தக் களம் நம் மேற்கு மலை!

அந்நாள் நிலை என்ன? மலைக்கு மேற்கே மாரி கொட்டும். கிழக்கே மண் வெடிக்கும். 1876 முதல் 1878 வரை தாதுவருடப் பஞ்சம் தமிழ் நிலத்தைச் சூறையாடிற்று. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பினாலென்ன என்ற எண்ணம் புதிதல்ல. 1789-லேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்பபிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்ற அதிகாரி, ஆகாத காரியம் என்று கை விரித்தார். ஆகும் என்று வரைபடம் தீட்டியவர்களிலே கடைசியாக வந்தவர் பென்னிகுக். 1882-இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1887-இல் வேலை தொடங்கிற்று. காடு, காட்டு விலங்கு, காய்ச்சல், காட்டாற்று வெள்ளம்! கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையிலே 1,200 அடி நீளத்துக்கு எழுந்தது அணை. மலையைக் குடைந்து வழி செய்தார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைக்க, மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பி வைகையோடு கலந்தது.

இனி ஒன்று சொல்லவேண்டும். சொன்னால் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். அணை கட்டப் பணமின்றி, சீமையிலே தம் சொத்தை விற்றார், மனைவியின் நகையை விற்றார் என்றொரு கதை மேடைதோறும் முழங்குகிறது. நாமும் கைதட்டியிருக்கிறோம். ஆனால் பெரியாற்று அணை சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித் துறை செய்த வேலை. சொத்து விற்ற கதைக்குச் சான்று இல்லை என்கிறார்கள், ஏடுகளைப் புரட்டி ஆராய்ந்தவர்கள்.

இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? குறையாது! வெள்ளம் அடித்துச் சென்ற பின்னும் மறுபடி கல் வைத்தாரே, அந்த நெஞ்சுறுதிக்குக் கதை எதற்கு? புராணத்தைக் கேள்வி கேட்கும் நாம், நமக்குப் பிடித்தவருக்காகப் புதுப்புராணம் எழுதலாமா? பென்னிகுக்கைத் தெய்வமாக்கினால், அவர் பின்னே நின்ற மனிதர்கள் மறைந்துவிடுவார்கள்.

ஆம்! கல் சுமந்தவர் யார்? காரை குழைத்தவர் யார்? காய்ச்சலிலே நடுங்கிச் செத்தவர் யார்? நூற்றுக்கணக்கான தொழிலாளர் அங்கேயே மாண்டார்கள். அணைக்கு அருகே கல்லறைகள் இருக்கின்றன. அவர்கள் படம் எந்த வீட்டிலே தொங்குகிறது? பென்னிகுக்குக்குப் பொங்கும் பானையிலே ஒரு பிடி அரிசி, அந்தப் பெயரில்லாத் தோழர்களுக்காகவும் போடுவோம்.

தந்தையை எட்டு வயதாகுமுன் இழந்தவர், ஐந்து பெண்களுக்கும் ஓர் ஆணுக்கும் தந்தையானார். 1911 மார்ச் 9-இல் கேம்பர்லியிலே கண்மூடினார். 2013-இல் லோயர் கேம்ப்பிலே மணிமண்டபம். 2022-இல் அந்தக் கேம்பர்லியிலேயே தமிழ்நாடு அரசு நிறுவிய சிலை. ஆட்சிகள் வெவ்வேறு, நன்றி ஒன்றே.

மண்டபம் கட்டிவிட்டோம்; சிலையும் வைத்துவிட்டோம். கடமை தீர்ந்ததா? அவர் விட்டுச் சென்ற பாடம் அண்டை அயலாரோடு வாழும் பாடம். மேற்கே நிறைந்ததைக் கிழக்கே பகிர்ந்த வேலை அது. இன்று அணையின் பெயரைச் சொன்னாலே இருபுறமும் குரல் உயர்கிறது. நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்குள்ள உரிமையை ஓரடியும் விடமாட்டோம். ஆனால் குமுளிக்கு அப்பால் இருப்பவன் பகைவனல்ல. ஏலத்தோட்டத்துக்கு நம் பெண்கள் கூலிக்குப் போகிறார்கள். நம் காய்கறி அவர்கள் அடுப்பிலே வேகிறது. அணைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அச்சம் இருந்தால், ஏசிப் பேசி அதைப் போக்க முடியாது. கருவியாலும் கணக்காலும் காட்டித்தான் போக்கவேண்டும். பென்னிகுக் கணக்குப் போட்டு வென்றவர். கல் எறிந்து வென்றவரல்லர்.

கம்பம் பள்ளத்தாக்கிலே 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. நாற்று நடும் பெண், முழங்கால் அளவு நீரிலே நின்று நிமிர்ந்து பார்க்கும்போது, மேற்கே மலை தெரிகிறது. அந்த மலைக்கு அப்பாலிருந்து வந்த தண்ணீரிலேதான் அவள் காலூன்றி நிற்கிறாள். தந்தையைப் போரிலே பறிகொடுத்த ஒரு பிள்ளை, நம் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்க வழி செய்துவிட்டுப் போனான். அந்த நன்றியை உண்மையோடு சொல்வோம்; அயலாரோடு உறவாடிச் சொல்வோம்!