கழன்ற தோள்பட்டையை இழுத்துப்போட்டு ஆடலாமா? கபடி வீரர்களே உஷார்!

பொங்கல் கபடி போட்டியில் ரெய்டு போன வீரரை நாலு பேர் சேர்ந்து அமுக்கியதும் "ஐயோ, கை கழண்டுருச்சு" என்று அலறுவது சகஜம். கூட இருப்பவர்கள் கையை பிடித்து இழுப்பார்கள். 'டொக்' என்று உள்ளே போகும். அடுத்த வாரமே வீரர் களத்தில் நிற்பார். வினை ஆரம்பிப்பதே இங்குதான்.

தோள்பட்டை மூட்டு, சின்ன தட்டில் உட்கார வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. நன்றாக சுழலும், சுலபமாக நழுவும். தட்டின் விளிம்பில் வளையம் போன்ற ஜவ்வுதான் அதை தடுத்து நிறுத்துகிறது. மூட்டு கழலும்போது இந்த ஜவ்வு பிய்ந்து விடும். வலி போனாலும் பிய்ந்தது பழையபடி ஒட்டுவது கஷ்டம். 20 வயதுக்குள் ஒருமுறை கழன்றால் மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம். பிறகு பஸ்சில் மேல் கம்பியை பிடித்தாலே, தூக்கத்தில் புரண்டாலே கூட சிலருக்கு கழன்று விடும்.

2 வகை ஆபரேஷன்

ஜவ்வு மட்டும் பிய்ந்திருந்தால் சாவித்துவார ஆபரேஷன் போதும். சின்ன துளை வழியாக கேமராவை விட்டு, ஜவ்வை எலும்போடு சேர்த்து தைத்து விடுவார்கள். இதற்கு 'பேங்கார்ட்' என்று பெயர்.

ஆனால் ஒவ்வொரு முறை கழலும்போதும் தட்டின் விளிம்பு எலும்பும் தேயும், உடையும். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் தையல் தாங்காது. பக்கத்தில் உள்ள ஒரு சின்ன எலும்பை வெட்டி, விளிம்பில் வைத்து ஸ்குரூ போட வேண்டும். 1954-ல் பிரான்ஸ் டாக்டர் லாட்டர்ஜே சொன்ன முறை இது. அதாவது, 'இழுத்துப் போட்டுக்கலாம்' என்று நாளை கடத்தினால் சின்ன ஆபரேஷன் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும்.

எப்போது ஆடலாம்?

கிரிக்கெட் வீரர் ஸ்ரேயாஸ் அய்யருக்கு 2021 மார்ச்சில் புனேயில் பீல்டிங் செய்தபோது தோள்பட்டை விலகியது. ஏப்ரலில் ஆபரேஷன். செப்டம்பரில்தான் ஐ.பி.எல்.லுக்கு திரும்பினார். கபடி போல இடித்து ஆடும் விளையாட்டுக்கு 6 மாதம் வரை கூட ஆகும். முதல் சில வாரம் கையை தொட்டில் கட்டி வைக்க வேண்டும், பிறகு பிசியோதெரபி. இதை பாதியில் விட்டால் ஆபரேஷன் செய்தும் வேஸ்ட்தான்.

மைதானத்தில் கழன்றால் யாரும் இழுக்க வேண்டாம். நரம்பு அடிபடலாம், எலும்பு முறிந்திருந்தால் இன்னும் மோசம். கையை துண்டால் கழுத்தோடு கட்டி உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் டாக்டரே மூட்டை உள்ளே தள்ளுவார். முதல்வர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், இந்த ஆபரேஷனுக்கு பணம் கிடைக்குமா என்று அட்மிட் ஆகும் முன்பே கேட்டுக் கொள்வது நல்லது.