கம்பிவலை காத்த தோல்

காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த பேரறிஞர் அண்ணா, 1969இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை இந்நகரின் காரப்பேட்டையில் இயங்குகிறது.

கதிர்மருத்துவத்தின் தொடக்கக் காலத்தில், உள்ளிருக்கும் கட்டியை அழிக்கச் செலுத்திய கதிர் மேலுள்ள தோலையும் புண்ணாக்கியது. அண்ணா பிறந்த அதே ஆண்டில், ஜெர்மானிய மருத்துவர் ஆல்பன் கோலர் தோல்மீது இரும்புக் கம்பிவலையைப் பதித்துக் கதிரைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். பாவும் ஊடும்போல் குறுக்கும் நெடுக்குமாய் அமைந்த கம்பிகள் கதிரைத் தடுத்தன. வலைக்கண்கள் வழியே மட்டும் அது உட்புகுந்தது. கம்பிநிழலில் நலமாய் எஞ்சிய தோல், அருகிலிருந்த புண் ஆறத் துணைநின்றது.

தோலை அதிகம் தாக்காத உயர் ஆற்றல் கதிர்கள் வந்தபின் வழக்கொழிந்த இம்முறை, 1990களில் பெரிய கட்டிகளுக்காகப் புத்துயிர் பெற்றது. எங்கும் ஒரே அளவில் பாய்ச்சாமல், இடம்பிரித்துச் செலுத்தி நலமான திசுவைக் காப்பதே இதன் நுட்பம்.