வண்டிச் சாவியை நாமே பதிவு செய்யலாமா?

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு பகுதிகளிலிருந்து விடியற்காலையில் வேலூர் லாங் பஜாருக்கும் நேதாஜி மார்க்கெட்டுக்கும் சரக்கு எடுக்கச் செல்லும் வணிகர்கள் பலர். வண்டிச் சாவி தொலைந்தால் அன்றைய வியாபாரமே நின்றுவிடும். பழைய ஓம்னி வேன் என்றால் பூட்டு ரிப்பேர் கடையில் சாவி வெட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பிற்கால வண்டிகள் பலவற்றில் அது போதாது. வெட்டிய சாவி கதவைத் திறக்கும். ஆனால் இஞ்சின் ஓடாது.

காரணம் என்ன?

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சிப் உள்ளது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதன் அடையாளத்தைப் படிக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள பதிவோடு அது ஒத்துவராவிட்டால் இஞ்சின் இயங்காது. இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு இது 1998 முதல் கட்டாயம். மாருதி இதை ‘ஐகேட்ஸ்’ என்ற பெயரில் தந்தது. ஆகவே புதுச் சாவியை வெட்டுவதோடு, கம்ப்யூட்டரில் பதிவும் செய்ய வேண்டும்.

நாமே செய்ய முடியுமா?

சில வண்டிகளில் முடியும். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு கார்கள் நம் பகுதியிலும் ஓடுகின்றன. ஃபோர்டு கார்களுக்கு ‘ஃபோர்ஸ்கேன்’ என்ற மென்பொருள் உள்ளது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி, லேப்டாப்போடு இணைத்துப் பதிவு செய்யலாம். எல்லா மாடலிலும் இது நடக்காது.

பல மாடல்களில் சுமார் 10 நிமிடம் காத்திருந்த பிறகே அனுமதி கிடைக்கும். அப்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும். சாவிகளை ஒவ்வொன்றாக மீண்டும் பதிய வேண்டும். பெரும்பாலும் குறைந்தது 2 சாவிகளாவது கையில் வேண்டும். பாதியில் பேட்டரி இறங்கினாலோ, மலிவான அடாப்டர் தகராறு செய்தாலோ வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வேறு பல கம்பெனி வண்டிகளுக்கு ரகசிய எண் தேவை. அவற்றைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலோ, கருவி வைத்துள்ள சாவி தொழிலாளியிடமோ விடுவதே நல்லது.

கவனிக்க வேண்டியவை

1. ஒரு சாவி கையில் இருக்கும்போதே மாற்றுச் சாவி செய்துகொள்ளுங்கள். எல்லாச் சாவியும் போனால் வேலையும் செலவும் கூடும். வண்டியை இழுத்துச் செல்லவும் நேரிடலாம்.

2. புதுச் சாவி சேர்த்தால் மட்டும் போதாது. தொலைந்த சாவியின் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். அழித்த பின்னும் அச்சாவி கதவைத் திறக்கும். எனவே பணத்தையோ சரக்கையோ இரவில் வண்டியில் விடாதீர்கள்.

3. வேலை முடிந்ததும் எத்தனை சாவிகள் பதிவில் உள்ளன என்று கேட்டுப் பார்த்து, ரசீது வாங்குங்கள்.

4. ரகசிய எண் அட்டை தந்திருந்தால் வீட்டில் வையுங்கள், வண்டியில் வேண்டாம்.

5. வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லா அசல் சாவிகளையும் கேட்கும். ஒன்று குறைந்தால் நஷ்டஈடு சிக்கலாகும். ஆகவே சாவி தொலைந்த உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தந்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். சாவி இழப்புக்குத் தனிக் காப்பு உண்டா என்பதையும் பாலிசியில் பாருங்கள்.

கடைச் சாவிக்கு இன்னொன்று வைத்திராத வணிகர் இல்லை. வண்டிச் சாவிக்கும் அந்த வழக்கம் வேண்டும்.