புதிய கார் எஞ்சினைப் பழக்குதல்

புதிய கார் எஞ்சினைப் பழக்குதல் என்பது, எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று உராயும் பாகங்கள் நன்கு படிந்து பொருந்தும்வரை, அதற்கேற்ற விதத்தில் வண்டியை ஓட்டுவதாகும். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இதனை 'ரன்னிங் இன்' என்று குறிப்பிடுவர். பெரும்பாலான கார்களுக்கு முதல் 1000 கிலோமீட்டர் இதற்குரிய காலமாகக் கொள்ளப்படுகிறது.

இக்காலத்தில் எஞ்சினை வருத்தி ஓட்டக் கூடாது என்பது பலரும் அறிந்த செய்தி. மிகவும் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருப்பதும் எஞ்சினுக்குக் கேடு என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. எஞ்சின் சரியாகப் பழகுவதற்கு மிதமான பளுவும், மாறிக்கொண்டே இருக்கும் வேகமும் தேவை.

பழக்குதல் ஏன் தேவைப்படுகிறது

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை அடைப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் பொருத்தப்பட்ட பிஸ்டன் ரிங்குகள். பொதுவாக ஒரு பிஸ்டனில் மூன்று ரிங்குகள் இருக்கும். மேலிரண்டும் எரிந்த வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது ரிங், சுவரில் உள்ள அதிகப்படியான ஆயிலை வழித்துக் கீழே அனுப்புகிறது.

எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும், புதிய ரிங்கும் புதிய சிலிண்டர் சுவரும் முழுச் சுற்றளவிலும் ஒரே சீராகத் தொடுவதில்லை. இரண்டின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் உள்ளன. அம்மேடுகள் தேய்ந்து, ரிங் சுவரோடு முழுமையாகப் படிய வேண்டும். இதுவே பழக்குதலின் மையம்.

ரிங் படிவது எப்படி

சிலிண்டர் சுவரை உற்பத்தியாளர் கண்ணாடிபோல வழவழப்பாக விடுவதில்லை. தேய்ப்புக் கற்கள் பொருத்திய கருவியைக் கொண்டு, ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய சாய்கோடுகளை அதன்மேல் இடுகின்றனர். இவ்வேலைக்கு 'ஹோனிங்' என்று பெயர். இக்கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்கி உராய்வைக் குறைக்கிறது. பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள், ரிங்கோடு உரசித் தேய்ந்து அதற்கேற்ற தளமாக அமைகின்றன.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொத்திய அம்மியில்தான் மசாலா அரைபடும். வழவழத்துப்போன அம்மியில் வழுக்கும். புதிதாகக் கொத்திய கல்லில் முதலில் தவிடு போன்றவற்றை அரைத்து, கல்தூளோடு சேர்த்து வெளியே கொட்டிவிடுவார்கள். புது எஞ்சினிலும் சொரசொரப்பு தேவை. முதலில் உதிரும் துகள்கள் நீங்குவதும் தேவை.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமன்று. எரிபொருள் எரியும்போது எழும் வாயு, ரிங்கின் பின்புறமுள்ள பள்ளத்துக்குள் புகுந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. எஞ்சின் பளு இழுக்கும்போது இந்த அழுத்தம் மிகும். சும்மா ஓடும்போது குறையும். ஆகவே ரிங் படிவதற்கு ஓரளவு பளு தேவைப்படுகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும் எஞ்சின், ஒரு கிலோமீட்டருக்கு 2000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். அவ்வாறாயின் 1000 கிலோமீட்டரில் ஒவ்வொரு ரிங்கும் சுவரை 40 லட்சம் தடவை தேய்த்துச் சென்றிருக்கும்.

வருத்தி ஓட்டினால்

ரிங் படியாத நிலையில் எஞ்சினை முழு ஆக்சிலரேட்டரில் நீண்டநேரம் ஓட்டினால், உயர்ந்து நிற்கும் மேடுகளில் உராய்வுச் சூடு அளவுக்கு மீறுகிறது. அங்கே ஆயில் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். அதனால் சுவரில் நெடுக்குக் கீறல்கள் விழலாம். அத்தகைய கீறலைப் பின்னர் மென்மையாக ஓட்டிச் சரிசெய்ய முடியாது.

மிக மென்மையாக ஓட்டினால்

எப்போதும் பளுவின்றி ஓடும் எஞ்சினில், ரிங்கின் பின்னால் போதிய வாயு அழுத்தம் எழுவதில்லை. ரிங் மேடுகளைத் தேய்க்காமல் ஆயில் படலத்தின்மேல் வழுக்கிச் செல்கிறது. அதைத் தாண்டிக் கசியும் சூடான வாயு, சுவரிலுள்ள ஆயிலைத் தீய்க்கிறது. தீய்ந்த ஆயில் வார்னிஷ் பூசியதுபோல ஹோனிங் கோடுகளை மூடிவிடுகிறது. சுவர் பளபளப்பாகிவிட்டால் அதன்பின் ரிங் படிவது அரிது. அந்த எஞ்சின் தொடர்ந்து ஆயில் குடிக்கும், இழுவையும் குறையும். முற்றிய நிலையில் எஞ்சினைப் பிரித்து மீண்டும் ஹோனிங் செய்ய வேண்டியிருக்கும். குறைந்த பளுவில் நெடுநேரம் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களில் இக்கோளாறு நன்கு அறியப்பட்டதாகும்.

ஓட்டும் முறை

• எஞ்சினைக் கிளப்பியதும் நின்ற இடத்தில் உறுமவிடக் கூடாது. சில விநாடிகளில் புறப்பட்டு, எஞ்சின் சூடேறும்வரை மிதமாக ஓட்ட வேண்டும்.
• எஞ்சின் சூடேறிய பின், வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துத் தானாகக் குறையவிட வேண்டும். இதனைப் பயணத்தின்போது பலமுறை செய்வது நன்று.
• ஒரே வேகத்தில் நீண்டநேரம் ஓட்டக் கூடாது. குரூஸ் கண்ட்ரோல் வசதியை இக்காலத்தில் தவிர்க்க வேண்டும்.
• ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிப்பதையும், எஞ்சினை அதன் உச்சச் சுழற்சிவரை கொண்டுசெல்வதையும் தவிர்க்க வேண்டும்.
• உயர் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் எஞ்சின் திணறும்படி ஓட்டக் கூடாது. திணறும்போது பளு அதிகம். ஆயில் பம்ப்பின் வேகமோ குறைவு.
• வேறு வண்டியையோ டிரெய்லரையோ இழுக்கக் கூடாது.

புதுக் கார் வாங்கியவுடன் குடும்பத்தோடு வெளியூர்க் கோயிலுக்குச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. அத்தகைய பயணம் எஞ்சினுக்குத் தீங்கன்று. நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் செல்லாமல், வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால் எஞ்சின் பழக அதுவே நல்ல வாய்ப்பாகும். நகர நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடும் எஞ்சினுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை.

தயாரிப்பு நிறுவனங்களின் அறிவுரை

ஒவ்வொரு காருடனும் தரப்படும் கையேட்டில் இதற்கெனத் தனிப்பகுதி உண்டு. சுசுகி கையேடுகள் 960 கிலோமீட்டரையும், டொயோட்டா, ஹோண்டா கையேடுகள் 1000 கிலோமீட்டரையும் குறிப்பிடுகின்றன. திடீர் வேகமெடுப்பைத் தவிர்த்தல் இவற்றில் பொதுவாகக் காணப்படுவது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம் என்று சுசுகியும் டொயோட்டாவும் கூறுகின்றன. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் எம் வகை விரைவுக் கார்களுக்கு 2000 கிலோமீட்டரில் தனிச் சோதனையும் ஆயில் மாற்றமும் உண்டு. கையேட்டுக்கும் பிறர் சொல்லுக்கும் வேறுபாடு இருந்தால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

எஞ்சின் ஆயில்

தொடக்கத் தேய்மானத்தில் உதிரும் உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை ஆயில் ஃபில்டர் பிடித்துக்கொள்கிறது. இதனால் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். பழைய எஞ்சின்களுக்கு அது பொருந்தியது. இன்றைய நிறுவனங்கள் எல்லாம் அவ்வாறு கூறுவதில்லை. தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை உரிய காலத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்று ஹோண்டா கையேடுகள் கூறுகின்றன. மாருதி சுசுகி கார்களுக்கு இந்தியாவில் 1000 கிலோமீட்டரில் செய்யும் முதல் இலவசச் சர்வீஸும் பொதுவாக ஒரு சோதனையே.

புது எஞ்சின் ஆயிலைச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம். எனவே முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்வரை டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

விமான எஞ்சின்கள் காட்டும் சான்று

பளுவின் தேவையைச் சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்கள் தெளிவாகக் காட்டுகின்றன. புதிய எஞ்சினைப் பழக்கும்போது அதன் திறனில் 65 முதல் 75 விழுக்காடுவரை பயன்படுத்திப் பறக்குமாறு அமெரிக்க எஞ்சின் நிறுவனமான லைகாமிங் அறிவுறுத்துகிறது. குறைந்த திறனில் பறந்தால் சிலிண்டர் சுவர் பளபளப்பாகி ரிங் படியாது என்பதே காரணம். ஆனால் அவை காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள். அந்த விழுக்காட்டைக் காருக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அன்றும் இன்றும்

ஒருகாலத்தில் பழக்குதல் பெரிய வேலையாக இருந்தது. பிரிட்டனில், 'எஞ்சின் பழகுகிறது, முந்திச் செல்லவும்' என்ற பொருளுடைய அறிவிப்பைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டி மெதுவாகச் செல்வது வழக்கமாக இருந்தது. இன்று ஹோனிங்கின் கடைசிக் கட்டத்தில் மேடுகளின் கூரிய முனைகளைத் தொழிற்சாலையிலேயே தேய்த்துவிடுகின்றனர். ஆயிலின் தரமும் உயர்ந்துள்ளது. அதனால் பழக்கும் வேலை குறைந்துள்ளதே தவிர, முற்றிலும் நீங்கிவிடவில்லை.

பிற பாகங்கள்

பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டியவை. எனவே முதல் 300 கிலோமீட்டர்வரை, ஆபத்து நேரம் தவிர, பிரேக்கைத் திடீரென அழுத்தி மிதிக்காமல் இருக்க வேண்டும். புது டயரின் பிடிப்பும் தொடக்கத்தில் சற்றுக் குறைவாக இருக்கும்; ஈரச் சாலையில் கவனம் தேவை. மின்சாரக் காரில் பிஸ்டன் ரிங் இல்லை. எனினும் பிரேக்குக்கும் டயருக்கும் உரிய கவனம் அதற்கும் பொருந்தும்.

எஞ்சின் பழகியதன் அறிகுறிகள்

ஆயில் செலவு குறைந்து நிலைப்படுவது முதன்மையான அறிகுறி. இழுவையும் மைலேஜும் சற்று மேம்படலாம். பழக்கும் காலம் கடந்த பின்னும் ஆயில் அளவு தொடர்ந்து இறங்கினாலோ, சைலன்சரில் நீலப்புகை வந்தாலோ, வாரண்டி காலம் முடிவதற்குள் சர்வீஸ் நிலையத்தில் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.