காற்று–டீசல் கலப்பு மின் அமைப்பில் அதிர்வெண் கட்டுப்பாடு: கிங் தீவை முன்வைத்து

பெரு மின்கட்டமைப்போடு இணையாத தீவுகளில் டீசல் மின்னாக்கியுடன் காற்றாலைகளைச் சேர்ப்பதன் நோக்கம் எரிபொருள் சேமிப்பே. ஆயினும் காற்றாலைகளின் எண்ணிக்கை கூடும் அளவிற்குச் சேமிப்பு கூடுவதில்லை. டீசல் எந்திரத்தை முற்றிலும் நிறுத்த இயலுமா என்பதே அடிப்படை வினா.

அதிர்வெண் மாறும் வீதம், உற்பத்திக்கும் நுகர்வுக்கும் இடையிலான திறன் வேறுபாட்டிற்கு நேர்விகிதத்திலும் சுழலும் பொறிகளின் நிலைம மாறிலிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். 50 ஹெர்ட்சில் இயங்கும், நிலைம மாறிலி 1 நொடியேயான சிற்றமைப்பு ஒன்றில், அமைப்பின் கொள்திறனில் 20 விழுக்காட்டளவு காற்றுத்திறன் திடீரென இழக்கப்பட்டால், அதிர்வெண் தொடக்கத்தில் நொடிக்கு 5 ஹெர்ட்ஸ் வீதம் சரியும். வேகக் கட்டுப்படுத்தி எரிபொருளை உடனே கூட்டினாலும், அடுத்த சிலிண்டரில் எரிதல் நிகழ்ந்த பின்னரே முறுக்குவிசை உயரும். நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழலும் நான்கு ஸ்ட்ரோக் எந்திரத்தில் ஒரு சிலிண்டருக்கு 80 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் எரிதல் வாய்க்கிறது. இக்காலத்தாழ்வைப் புறக்கணிக்கும் கணித மாதிரி, நடைமுறையில் அலைவை உண்டாக்கும் கட்டுப்பாட்டுப் பெருக்கத்தையும் நிலையானதாகக் காட்டிவிடும்.

மற்றொரு தடை குறைந்தபட்சச் சுமை. குறைந்த சுமையில் நெடுநேரம் இயங்கும் டீசல் எந்திரத்தில் எரிதல் முழுமையடையாமல் கரி படியும். ஆகவே கொள்திறனில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே அதனை இறங்க விடுவதில்லை. காற்று மிகுந்து நுகர்வு குன்றிய இரவுகளில் டீசல் எரிந்துகொண்டிருக்க, காற்றாலையின் உற்பத்தியே குறைக்கப்படும்! நேரியல் மாதிரிகளில் இவ்வரம்பு இடம்பெறுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணையிலுள்ள கிங் தீவில் 1998இல் 250 கிலோவாட் காற்றாலைகள் மூன்றும், 2003இல் 850 கிலோவாட் காற்றாலைகள் இரண்டும் நிறுவப்பட்டன. டீசலை நிறுத்தும் வாய்ப்பு பின்னர் ஹைட்ரோ டாஸ்மேனியா நிறுவனம் சேர்த்த துணைக்கருவிகளாலேயே கிட்டியது. அவற்றுள் 1.5 மெகாவாட் மின்தடையம் மிகைக்காற்றை வெப்பமாக்குகிறது. இது வீணாக்கமன்று, காற்று தளர்ந்த கணமே மின்தடையத்தின் சுமையைக் குறைக்கலாமாதலால் அது கையிருப்புத் திறனாகவும் பயன்படுகிறது. ஃப்ளைவீல் எனும் கனத்த சுழற்சக்கரம் பொருத்திய அலகுகளில் டீசல் எந்திரம் கிளட்ச் வழியே மின்னாக்கியோடு இணைகிறது. கிளட்ச் விடுபட்டதும் எந்திரம் ஓய்வுகொள்ளும். மின்னாக்கியும் சக்கரமும் தொடர்ந்து சுழன்று நிலைமத்தையும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டையும் அளிக்கும். 3 மெகாவாட் மின்கலத் தொகுதியும் உடன் உள்ளது. 2013இல் தீவு முழுவதும் டீசல் இன்றி இயங்கியது.

எனவே இவ்வமைப்பை ஒற்றைச் சமன்பாட்டுத் தொகுதியாகக் கொள்வது போதாது. டீசல் மட்டும், இரண்டும் இணைந்து, காற்று மட்டும் என்னும் மூன்று இயக்க நிலைகளுக்கும் தனித்தனிச் சமன்பாடுகள் தேவை. ஒவ்வொரு நிலையும் தனித்து நிலைப்புத்தன்மை உடையதாயினும், அவற்றுக்கிடையே மாறும் கணம் அவ்வாறிருக்க வேண்டியதில்லை. ஓய்விலிருந்த எந்திரம் வேகம்பிடித்து கிளட்ச் பற்றும் வரை, சக்கரத்தில் எஞ்சிய இயக்க ஆற்றலே அதிர்வெண்ணைத் தாங்குகிறது; கட்டுப்படுத்தியின் தகுதியைச் சோதிக்க வேண்டிய இடம் அந்தச் சில நொடிகளே.