இருபது லட்ச ரூபாய்ப் பெட்டி யாருடைய நேரத்தை மிச்சம் பிடிக்கும்?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையைக் கடக்கப் பொறுமை வேண்டும். வாலாஜாபாத் பக்கமிருந்து ஒரு வரிசை, காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு வரிசை, திருவள்ளூர் ரோட்டிலிருந்து இன்னொன்று என்று கம்பெனி பஸ்கள் வந்து குவியும். கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குபவர்களில் பாதிப் பேருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இளைப்பாற ஒரு காலத்தில் சத்திரம் இருந்த ஊர் என்பதைப் பெயரே சொல்கிறது. இன்றைக்கு இங்கே இளைப்பாற யாருக்கும் நேரமில்லை.

ஐபோனைப் பூட்டும் ஃபாக்ஸ்கான் இங்கே இருக்கிறது. டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யும் சாம்சங் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் கம்ப்யூட்டர் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 2007-ல் டெல் ஆலை திறந்தபோது முதலில் வெளியே வந்தது மேசைக் கணினிதான். லேப்டாப் அப்புறம் வந்தது. எச்.பி.யின் மேசைக் கணினிகளை 2020 முதல் ஃப்ளெக்ஸ் நிறுவனம் இதே பகுதியில் செய்துகொடுக்கிறது. கண்டெய்னர் லாரிகளில் போகும் அட்டைப்பெட்டிகளில் சில, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கத்து அனிமேஷன் ஸ்டுடியோக்களின் மாடிப்படி ஏறுவதும் உண்டு. செய்கிறவரும் அதில் வேலை பார்க்கிறவரும் சந்தித்துக்கொண்டதில்லை. சந்தித்தால் பேசிக்கொள்ள ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது: நேரம்.

அனிமேஷன்காரர்கள் மத்தியில் போன வருஷத்திலிருந்து அடிபடும் பெயர்கள் இரண்டு. 2025 ஜூலையில் விற்பனைக்கு வந்த ஏ.எம்.டி.யின் த்ரெட்ரிப்பர் ப்ரோ 9995 டபிள்யூ.எக்ஸ். செயலி, அதே ஆண்டு மார்ச்சில் என்விடியா அறிவித்த ஆர்.டி.எக்ஸ். ப்ரோ 6000 பிளாக்வெல் கிராபிக்ஸ் கார்டு. செயலியில் 96 கோர், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் 96 பிரிவுகள். கார்டில் 96 ஜி.பி. நினைவகம். செயலியின் அறிமுக விலை 11,699 டாலர், அறிவித்தபோதைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 10 லட்சம் ரூபாய். கார்டு, மதர்போர்டு, மெமரி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக்கினால் இருபது லட்சத்தைத் தாண்டும். ஊர்ப்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டலாம்.

ஆகவே இந்தப் பெட்டியைப் பற்றிய முதல் எதிர்வினை எந்த ஸ்டுடியோவிலும் ஒன்றுதான்: ஒரு பெருமூச்சு. அடுத்து வருவது யூ.பி.எஸ். பற்றிய கேள்வி. செயலி 350 வாட், கார்டு 600 வாட். முழு வேகத்தில் ஓடினால் ஒரு ஏ.சி. இழுக்கிற அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அது கக்குகிற சூட்டைத் தணிக்க இன்னொரு ஏ.சி. வேண்டும். இதைக் கேட்டதும் முதலாளி எழுந்து வெளியே போய்விடுவார். இளைஞர்கள் மட்டும் ரிட்சி ஸ்ட்ரீட் விலைப்பட்டியலை எடுத்துவைத்து, பழைய கார்டை விற்றால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். சென்னையில் சிறு ஸ்டுடியோக்களின் எந்திரங்கள் பெரும்பாலும் அந்தத் தெருவில் உதிரியாக வாங்கிப் பூட்டியவை. கம்பெனி முத்திரையோடு வருவது பெரிய இடங்களுக்கு.

அப்படியென்ன அவசரம் என்று வெளியாட்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 ஃப்ரேம். வெளிச்சம், நிழல், தோலின் மினுமினுப்பு எல்லாம் கணக்கிட்டு ஒரு ஃப்ரேமைப் படமாக்குவதற்குப் பெயர் ரெண்டர். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், ஒற்றை எந்திரத்தில் படம் முடிய 5,400 நாள். பதினான்கு வருஷத்துக்கு மேல். ராமர் வனவாசம் போய்த் திரும்பிவிடுவார்.

ரொம்ப நாளைக்கு முன்னால் நண்பர் ஒருவரின் சின்ன ஸ்டுடியோவில் ஓர் இரவு இருந்தேன். பல் பொடியோ பற்பசையோ, ஒரு விளம்பரம். ரெண்டர் போட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தார்கள். விடிகாலையில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருவர் போய் டீ வாங்கி வந்தார். எட்டு மணிக்கு வாடிக்கையாளருக்கு போன் செய்து என்ன பொய் சொல்வது என்று மட்டும் பேசினார்கள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு வேகமான கம்ப்யூட்டர் என்பது ஆடம்பரமாகத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஆனால் இந்தத் தொழிலில் காத்திருப்பு இரண்டு வகை. விளம்பரங்கள் அதைப் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று, ரெண்டருக்காகக் காத்திருப்பது. அது ராத்திரியில் நடக்கும். பெரிய ஸ்டுடியோக்களில் அதற்கென்று எந்திரக் கூட்டமே தனியறையில் இருக்கும், வாடகைக்கும் கிடைக்கும். இரண்டாவது, வேலை செய்யும்போதே காத்திருப்பது. கதாபாத்திரத்தின் முழங்கையை இழுத்தால் திரையில் அது அரை விநாடி கழித்து நகர்ந்தால், அனிமேட்டரின் கை தாளம் தப்பிவிடும். மிருதங்கத்தில் தட்டிய பிறகு சத்தம் தாமதமாகக் கேட்டால் எப்படி வாசிப்பது? நாள் முழுக்க இந்த அரை விநாடிகளைத் தாங்குவதுதான் உண்மையான சித்திரவதை.

இங்கேதான் 96 கோர் கதை கொஞ்சம் சறுக்குகிறது. மாயா போன்ற மென்பொருளில் ஒரு உருவத்தின் எலும்புக்கூட்டை, தொழிலில் ரிக் என்பார்கள், அசைக்கும் கணக்கு பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது. தோள் எங்கே என்று தெரிந்தால்தான் முழங்கை. முழங்கை தெரிந்தால்தான் விரல். 96 பேரை வேலைக்கு வைத்தாலும் பலர் கைகட்டி நிற்பார்கள். அதற்குத் தேவை சில கோர்களே ஆனாலும் துடிப்பான கோர்கள். அவை இந்த விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். தண்ணீர், தீ, புகை, புழுதி என்று எஃபெக்ட்ஸ் செய்பவருக்கும், வெளிச்சம் அமைப்பவருக்கும் இந்தப் பெட்டி வரப்பிரசாதம். 96 ஜி.பி. கார்டைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது: காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் நத்தையாகும், அல்லது நின்றே போகும். ஆனால் உருவத்துக்கு உயிர் கொடுக்கிற அனிமேட்டருக்கு இதை வாங்கிக் கொடுப்பது, அடுத்த தெருவுக்குப் பால் போட கண்டெய்னர் லாரி வாங்குவது மாதிரி.

எந்திரம் மட்டும் போதாது என்கிற பாடம் சென்னைக்குப் புதிதில்லை. 2000-ல் பென்டாமீடியா கிராபிக்ஸ் இங்கிருந்து ஹாலிவுட் குரல்களோடு 'சின்பாத்: பியாண்ட் த வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்' படத்தைக் கொண்டுவந்தது. நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து உருவத்துக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் முழுக்க உருவான முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. 'அவதார்' வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னால்! அதே நிறுவனத்தின் 'பாண்டவாஸ்' தேசிய விருதும் வாங்கியது. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கென்றே பேர்போன எந்திரங்கள் சிலிக்கன் கிராபிக்ஸ் கம்பெனியுடையவை. 'ஜுராசிக் பார்க்'கின் டைனோசர்கள் அவற்றில் பிறந்தவை. அந்தக் கம்பெனியே 2009-ல் இரண்டாவது முறையாகத் திவாலாகி விற்கப்பட்டது. 2014 மே மாதம் அதே முறையில் 'கோச்சடையான்' வந்தபோது தொழில்நுட்பத்தைப் பற்றிய பேச்சே பெரிதாக இருந்தது. ஆனால் தியேட்டரில் ஜனங்கள் பார்த்தது ரஜினியின் கண்களை. அங்கே ஏதோ குறைந்தது. எத்தனை கோர் போட்டாலும் அந்தக் குறை தீர்ந்திருக்காது.

இந்தத் துறையில் ஒரு விதி பேசப்படுகிறது. கணினி வரைகலை முன்னோடி ஜிம் பிளின் பெயரால் வழங்குவது: எந்திரம் எவ்வளவு வேகமானாலும் ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம் குறையாது. வேடிக்கையாகத் தோன்றும். 1995-ல் பிக்ஸாரின் 'டாய் ஸ்டோரி'யை 117 எந்திரங்கள் இரவு பகலாக ரெண்டர் செய்தன. ஒரு ஃப்ரேமுக்கு முக்கால் மணி முதல் 30 மணி நேரம் வரை ஆனது. பதினெட்டு வருஷம் கழித்து 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'க்கு அதே பிக்ஸார் 2,000 எந்திரங்களை வைத்திருந்தது. ஒரு ஃப்ரேமுக்கு ஆன நேரம் 29 மணி! மிச்சமான நேரம் எங்கே போனது? ரோமத்தில் போனது, துணி மடிப்பில் போனது, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் போனது. சாலையை அகலப்படுத்தினால் வாகனம் பெருகும் என்பது ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஹாலிவுட்டில் ரோமத்தில் போகும் நேரம், நம்மிடம் கெடுவில் போகிறது. ரெண்டர் ராத்திரி முடிந்துவிடும் என்று தெரிந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு திருத்தம் வரும். ஒன்பது மணிக்கு இன்னொன்று. வேகமான எந்திரம் வந்த இடத்தில் அனிமேட்டர் சீக்கிரம் வீட்டுக்குப் போனார் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்கள் எழுதுங்கள்.

எந்திரமே காப்பாற்றும் என்பதற்கும் சாட்சி இல்லை. பாண்டிச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை'யின் புலியைச் செய்தது ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனம். 2013 பிப்ரவரி 24-ல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்த நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. மேடையில் அதைச் சொல்ல ஆரம்பித்தவரின் மைக் அணைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் இதே தொழிலிலிருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது அதன் பெங்களூரு ஸ்டுடியோவிலும் கதவு அடைத்தார்கள். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர்களுக்குக் குறைவில்லை. வேலைக்குப் பேசிய தொகை மாறாமல் திருத்தங்கள் மட்டும் பெருகியதுதான் இந்தத் தொழிலின் நெடுநாள் வியாதி.

சுங்குவார்சத்திரத்துக்குத் திரும்பி வருவோம். அசெம்பிளி லைனில் நேரத்தை விநாடியில் அளக்கிறார்கள். மெமரியைச் செருகு, திருகைப் பூட்டு, அடுத்தவருக்குத் தள்ளு. கடைசியில் கணினியை முழுச் சுமையில் ஓடவிட்டுச் சோதிப்பார்கள். இங்கே நேரம் என்பது தகராறுக்குரிய சங்கதி. தெருவுக்கும் வந்திருக்கிறது, சட்டசபைக்கும் போயிருக்கிறது. தினமும் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு இதே ஊரில் பந்தல் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம்தான் என்று சொல்ல இவர்களுக்கு ஒரு சட்டமும், கூடிப் பேச ஒரு பந்தலும் இருக்கிறது. வடபழனி ஸ்டுடியோவில் ராத்திரி ரெண்டு மணிக்கு மானிட்டர் முன்னால் இருப்பவருக்கு அந்தப் பந்தல் இல்லை. இருபது லட்ச ரூபாய்ப் பெட்டியைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்பவர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இன்னொரு கூத்து. உள்நாட்டில் கம்ப்யூட்டர் செய்ய மத்திய அரசு 2023-ல் அறிவித்த 17,000 கோடி ரூபாய் ஊக்கத்திட்டத்தில் லேப்டாப், டேப்லெட், ஆல்-இன்-ஒன், சர்வர், குட்டிக் கணினி எல்லாம் உண்டு. அனிமேட்டரின் மேசைக்கடியில் நிற்கும் கோபுரப் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டிலும் இல்லை.

கடைசியாக ஒரு பூனை. லாத்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. வசனமே இல்லாத படம். வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு பூனை, ஒரு படகு. காசு கொடுக்கத் தேவையில்லாத பிளெண்டர் மென்பொருளில் செய்து, எந்திரக் கூட்டம் எதுவும் இல்லாமல் இயக்குநர் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ரெண்டர் செய்தார். ரோமம் ரோமமாகத் தெரியவேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்ததால் அது முடிந்தது. பூனை நடக்கிற நடையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளை அனிமேஷன் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்து, நீங்கள் கடன் வாங்கிப் பெரிய கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். பிளெண்டரை இறக்கித் தாருங்கள், 32 ஜி.பி. மெமரி உள்ள நடுத்தர எந்திரம் மூன்று வருஷத்துக்குத் தாங்கும். ஒரு முழுநீளக் கண்ணாடியும் வாங்கி அறையில் மாட்டுங்கள். நடந்தும் திரும்பியும் முறைத்தும் தன்னையே பார்த்துக்கொண்டு கற்கிற தொழில் இது, கண்ணாடிக்கு யூ.பி.எஸ். வேண்டாம்.