சின்ன நர்சு, பெரிய நர்சு ஆவது எப்படி?

அமெரிக்காவில் நர்சுகள் இரண்டு வகை. ஒரு வகைக்கு "பிராக்டிகல் நர்சு" என்று பெயர். இன்னொரு வகைக்கு "ரிஜிஸ்டர்டு நர்சு" என்று பெயர். இருவருக்கும் லைசென்சு உண்டு. இருவரும் நோயாளியின் கட்டில் அருகே நிற்பவர்கள்தான். ஆனால், படிப்பு வேறு. பொறுப்பு வேறு. சம்பளமும் வேறு.

பிராக்டிகல் நர்சு ஆவதற்குச் சுமார் ஓர் ஆண்டு படித்தால் போதும். இவர் ரத்த அழுத்தம் பார்ப்பார். மாத்திரை கொடுப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். நோயாளியைக் குளிப்பாட்டுவார், சாப்பிட வைப்பார். முதியோர் இல்லங்களில் இவர்கள் இல்லாவிட்டால் காரியம் நடக்காது.

புதிதாக வந்த நோயாளியைப் பார்த்து, அவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று திட்டம் போடுவது ரிஜிஸ்டர்டு நர்சின் பொறுப்பு. ரத்தக் குழாய் வழியாகச் சில மருந்துகளைச் செலுத்தும் உரிமையும் பல மாநிலங்களில் இந்தப் பெரிய நர்சுக்குத்தான் உண்டு.

சம்பளத்தைப் பாருங்கள். அமெரிக்க அரசாங்கத்தின் 2024 மே மாதக் கணக்கு இது. பிராக்டிகல் நர்சுகளில் நடுத்தரமாகச் சம்பாதிப்பவருக்கு ஆண்டுக்கு 62,340 டாலர். ரிஜிஸ்டர்டு நர்சுக்கு 93,600 டாலர். வித்தியாசம் 31,260 டாலர்!

சின்ன நர்சு பெரிய நர்சு ஆக ஆசைப்படுவதில் வியப்பு என்ன?

நேரம் இல்லை

இப்படி ஆசைப்படுகிறவர்களில் குடும்பப் பெண்கள் பலர். பகலில் பிள்ளைகள். இரவில் வேலை. பணம்கூடக் கடன் வாங்கலாம்; நேரத்தை எங்கே கடன் வாங்குவது? அதனால், "சீக்கிரம் முடியும்" என்று எந்தப் பள்ளி சொல்கிறதோ, அதன் பக்கம் மனம் போகிறது. அங்கேதான் கவனம் வேண்டும்.

ஒரு காலத்தில் அமெரிக்க நர்சுகள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, 3 ஆண்டு வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்றார்கள். 1952-ம் ஆண்டில் மில்ட்ரெட் மொன்டாக் என்ற பேராசிரியை ஒரு சோதனையைத் தொடங்கினார். உள்ளூர்க் கல்லூரியிலேயே 2 ஆண்டில் நர்சை உருவாக்க முடியுமா என்பதுதான் சோதனை. முடிந்தது. அந்த 2 ஆண்டுப் படிப்பு இன்றும் நடக்கிறது.

பிராக்டிகல் நர்சுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. தெரிந்த பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டாம். நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவதால் இதற்குப் "பாலப் படிப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆண்டில், ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும் என்று விளம்பரம் சொல்லும். அது பொய் அல்ல. ஆனால், முழுக் கணக்கும் அல்ல! சேருவதற்கு முன்பே உடற்கூறு, கிருமிகளைப் பற்றிய பாடம் முதலியவற்றில் பாஸ் செய்திருக்க வேண்டும். அதற்கே ஓர் ஆண்டு ஆகிவிடலாம். "நீ படித்த விஞ்ஞானம் பழையது, மறுபடி படி" என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

பரீட்சை ஒன்றே

4 ஆண்டு படித்துப் பட்டமும் வாங்கலாம். 2 ஆண்டு படித்தவரும், 4 ஆண்டு படித்தவரும் லைசென்சுக்காக எழுதுவது ஒரே பரீட்சைதான்.

அது ஒரு விசித்திரமான பரீட்சை. கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும். சரியாகப் பதில் சொன்னால், அடுத்த கேள்வி கடினமாக வரும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. "இவர் தேறுவார்" அல்லது "தேறமாட்டார்" என்று உறுதியானதும் கம்ப்யூட்டர் நிறுத்திக்கொள்ளும்.

பரீட்சை ஒன்றானாலும், பட்டம் பெற்றவரையே விரும்பும் ஆஸ்பத்திரிகள் பல. நியூயார்க் மாநிலத்தில் 2017-ம் ஆண்டில் ஒரு சட்டமே வந்தது. அதன்படி, புதிதாக வரும் ரிஜிஸ்டர்டு நர்சு 10 ஆண்டுக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும்.

குடும்பப் பெண்ணுக்குப் பொருத்தமானது எது? முதலில் 2 ஆண்டுப் படிப்பு, லைசென்சு, பெரிய நர்சு சம்பளம். பிறகு வேலை பார்த்துக்கொண்டே பட்டம். கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. ஆனால், முதலில் படித்த பள்ளிக்குச் சரியான அங்கீகாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பட்டக் கல்லூரி அந்தப் பாடங்களை ஏற்காது.

எல்லை தாண்டினால்...

கலிபோர்னியாவில் ஒரு குறுக்கு வழி உண்டு. அங்கே பிராக்டிகல் நர்சுக்கு "வொக்கேஷனல் நர்சு" என்று பெயர். அவர் 30 யூனிட் பாடம் மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதலாம். 30 யூனிட் என்றால், கல்லூரியில் சுமார் ஓர் ஆண்டுப் படிப்பு. பட்டம் கிடையாது. ஆனால், பாஸ் செய்தால் ரிஜிஸ்டர்டு நர்சு!

சட்டப்படி சரியான வழிதான். சிக்கல் பிறகு வரும். கணவனுக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைக்கிறது, குடும்பம் கிளம்புகிறது. அங்கே அந்த லைசென்சை ஏற்கமாட்டோம் என்கிறார்கள். பல மாநிலங்களின் நிலை இதுதான். அங்கே வேலை வேண்டுமானால் மறுபடியும் பள்ளிக்கூடம்!

விலைக்கு வந்த டிப்ளமா

இதைவிட மோசமான வழியும் இருந்தது. 2023 ஜனவரியில் அது அம்பலமானது. புளோரிடா மாநிலத்தில் 3 நர்சுப் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமாக்கள் விற்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. 25 பேர் மீது வழக்கு. வகுப்புக்குப் போகாமலே, நோயாளியைத் தொட்டுப் பயிற்சி பெறாமலே, சர்ட்டிபிகேட்டைக் காட்டிப் பரீட்சை எழுதினார்கள். அவர்களில் பலர் பாஸ் செய்து ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்கள். பிறகு பல மாநிலங்கள் லைசென்சுகளைப் பறித்தன.

நர்சுப் படிப்பில் ஏட்டுப் பாடத்தை வீட்டில் கம்ப்யூட்டர் வழியாகப் படிக்கலாம். ஊசி போடுவதை அப்படிப் பழக முடியாது. ஆகவே, பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே? அதைப் பள்ளியே ஏற்பாடு செய்யுமா? இதற்கு நேரான பதில் வராவிட்டால், பணம் கட்டாமல் திரும்பிவிடலாம்.

பள்ளியின் தரத்தை அறிய இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சுகளுக்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. எந்தப் பள்ளி அங்கீகாரம் பெற்றது என்ற பட்டியல் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் முதல் தடவையிலேயே பாஸ் செய்தார்கள் என்ற கணக்கையும் பல வாரியங்கள் வெளியிடுகின்றன. பார்ப்பதற்குக் காசு வேண்டாம். கலிபோர்னியாவில் 100-க்கு 75 பேராவது முதல் தடவையில் தேற வேண்டும் என்பது விதி.